மும்பையில் மாற்றுத்திறனாளி சான்றிதழ்: போலிகளுக்கு நடுவே அசல் ஆட்களுக்கான முழு வழிகாட்டி

காலை எட்டரை மணிக்கு சயான் ஸ்டேஷனில் லோக்கல் ரயிலின் ஹேண்டிகேப் டப்பாவில், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில், ஏறிப் பாருங்கள். ஊன்றுகோலோடு இரண்டு பேர் நிற்பார்கள். சீட்டில் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு திடகாத்திரமான ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பரிசோதகர் ஏறுவது தெரிந்தால் அடுத்த ஸ்டேஷனில் குதித்து இறங்கி வேறு டப்பாவுக்கு ஓடிவிடுவார்கள். இடது காலில் போலியோ உள்ள எனக்கு அப்படி ஓட வராது. அதனால் "கார்டு தாக்கவா" (மராத்தியில் "கார்டைக் காட்டுங்கள்") என்று பரிசோதகர் வந்து நிற்பது என் முன்னால்தான்.

இந்த விஷயம் முழுக்கவே இப்படித்தான் நடக்கிறது. ஏமாற்றுகிறவர் நழுவிவிடுவார். அவருக்காகப் போட்ட சோதனையில் நாம் மாட்டுவோம். 2024-ல் பூஜா கேட்கர் என்ற பயிற்சி ஐஏஎஸ் அதிகாரியின் பெயர் நாடெங்கும் அடிபட்டது ஞாபகம் இருக்கும். மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டையும் ஓபிசி ஒதுக்கீட்டையும் தவறாகப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். ஜூலை கடைசியில் யுபிஎஸ்சி அவருடைய தேர்வை ரத்து செய்தது, செப்டம்பரில் மத்திய அரசு பணியிலிருந்து விடுவித்தது. அதற்குப் பிறகு நான் எந்த மேசைக்குப் போனாலும் என் காலைப் பார்த்துவிட்டு, கார்டைப் பார்த்துவிட்டு, மறுபடி காலைப் பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியில் நம் தமிழ் ஆட்களுக்கு இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, டீ வாங்கித் தந்தால் குடிப்பேன். அதில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். எந்த மறுசோதனை வந்தாலும் தாங்குகிற மாதிரி நம் காகிதம் இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முதலில், நாற்பது வருமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது, 2017 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. பழைய 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. இப்போது 21. கை, கால், கண், காது மட்டும் என்று நினைத்து எத்தனையோ பேர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன், ஆட்டிசம், குணமான தொழுநோய், ஆசிட் வீச்சில் ஏற்பட்ட பாதிப்பு, கற்றல் குறைபாடு எல்லாம் பட்டியலில் உண்டு.

ஆனால் சலுகைகளில் பெரும்பாலானவை 40 சதவீதத்தில்தான் தொடங்குகின்றன. இங்கேதான் மனசு உடைகிறது. ஒரு கண் முழுதாகப் போய் மற்றொரு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான். காது விஷயத்தில் இரண்டு காதையும் பார்க்கிறார்கள்: 60 முதல் 70 டெசிபல் வரை கேட்கும் திறன் போயிருந்தால் செவித்திறன் குறைந்தவர், 70-ஐத் தாண்டினால் காது கேளாதவர். ஒரு காது மட்டும் போனவருக்கு இதில் இடமில்லை.

பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு குறைபாடு இருந்தால் வெறுமனே கூட்ட மாட்டார்கள், பெரியதை மட்டும் எடுத்துக்கொண்டு சின்னதைத் தள்ளவும் மாட்டார்கள். பெரிய சதவீதத்தை வைத்துக்கொண்டு, 90-லிருந்து அதைக் கழித்து, மிச்சத்தைச் சின்ன சதவீதத்தால் பெருக்கி, 90-ஆல் வகுத்துச் சேர்ப்பார்கள். கண்ணுக்கு 30, காலுக்கு 30 என்றால் முப்பதோடு இருபது சேர்ந்து 50 ஆகிறது. தனித்தனியாகப் போனால் இரண்டு மேசையிலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் குறித்தால் கார்டு வரும். ஒரு கண் போன பெரியவர் ஒருவர் தன் முட்டி விஷயத்தைச் சொல்லாமலே மூன்று வருடம் அலைந்தார். கேட்டால், "அது வயசான கால் தம்பி, அதைப் போய் சொல்லுவாங்களா" என்றார். சொல்லுங்கள்.

பெயர், அதுதான் முதல் வில்லன்

தமிழ்நாட்டில் நமக்கு இனிஷியல் போதும். மும்பையில் படிவம் மூன்று பெயர் கேட்கும்: சொந்தப் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர். விளைவு என்ன? ஆதாரில் எஸ். முருகன், ரேஷன் கார்டில் முருகன் சுப்பையா, பள்ளிச் சான்றிதழில் முருகன் சுப்பையா நாடார், பேங்க் பாஸ்புக்கில் வேறு ஏதோ ஒன்று. நாலும் ஒரே ஆள்தான். ஆனால் போலி பிடிக்கிற கண்ணோடு பார்க்கும் அலுவலருக்கு நாலு ஆள் தெரிகிறார்கள். பெண்களுக்கு இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல், பிள்ளையின் பள்ளி ரெக்கார்டில் மூன்றாவதாக ஒன்று.

விண்ணப்பத்தில் கையே வைக்காதீர்கள், முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் ஆதாரைப் பார்த்துத்தான் நகரும். பேங்க் கணக்கிலும் அதே எழுத்து இருக்கட்டும். இதற்கு ஒரு மாதம் போனாலும் போகட்டும். சான்றிதழ் வந்த பிறகு பெயர் மாற்றப் போனால் அதற்கு ஆகும் அலைச்சல் இதைவிடப் பல மடங்கு.

அடுத்தது முகவரி. பாதிப் பேர் ஆதாரில் இன்னும் திருநெல்வேலி கிராமத்து விலாசத்தையே வைத்திருக்கிறார்கள். ஊரில் ரேஷன் போய்விடுமோ என்ற பயம். சான்றிதழ் விண்ணப்பமோ நீங்கள் வசிக்கும் மாவட்டத்து மருத்துவ அதிகாரிக்குப் போகும். ஊர் விலாசத்தை வைத்துக்கொண்டு மும்பையில் விண்ணப்பித்தால் இழுபறிதான். இங்கே அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தவராக இருந்தால் அந்த மருத்துவமனையிலேயே கேட்கவும் விதியில் வழி உண்டு. அதனால் பழைய டிஸ்சார்ஜ் கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா எல்லாம் மும்பை நகர மாவட்டம். செம்பூர், குர்லா, காட்கோபர் புறநகர் மாவட்டம். ஒரு ரயில்வே பாலத்தைத் தாண்டினால் கலெக்டர் ஆபீஸ் மாறிவிடும். நகரத்துக்கு ஃபோர்ட், புறநகருக்கு பாந்த்ரா கிழக்கு. தப்பான வரிசையில் அரை நாள் நின்றவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

விண்ணப்பம்

இது சுலபமான பகுதி. ஸ்வாவ்லம்பன் கார்டு என்ற மத்திய அரசுத் தளத்தில் யுடிஐடி கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டைக்கு, விண்ணப்பிக்க வேண்டும். முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். வேறு எப்படி முடிந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். ஆதார், ஆறு மாதத்துக்குள் எடுத்த போட்டோ, முகவரிச் சான்று, பழைய மருத்துவக் காகிதம் போதும். கட்டணம் கிடையாது. முடிந்ததும் ஒரு பதிவு எண் வரும். அதை மொபைலில் மட்டும் வைக்காமல் ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள். மொபைல் தொலைந்து போனவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறேன்.

மகாராஷ்டிராவில் 2012 வாக்கிலிருந்து எஸ்ஏடிஎம் என்ற மாநில மென்பொருளில் சான்றிதழ் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் கையால் எழுதிய அபங் (ஊனமுற்றோர்) சர்டிபிகேட். இந்த இரண்டில் எது உங்களிடம் இருந்தாலும் "என்னிடம்தான் இருக்கிறதே" என்று சும்மா இருக்காதீர்கள். புது விண்ணப்பத்தில் பழையதை ஏற்றி யுடிஐடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சரிபார்ப்பு என்று வந்தால் முதலில் சந்தேகப்படுவது கையால் எழுதிய சான்றிதழைத்தான்.

சான்றிதழ் தர முன்பு ஒரு மாதக் கெடு இருந்தது. 2024 அக்டோபரில் விதியைத் திருத்தி மூன்று மாதம் ஆக்கினார்கள். அதோடு, முடிவாகாமல் இரண்டு வருடம் கிடக்கும் விண்ணப்பம் காலாவதியாகும் என்றும் சேர்த்தார்கள். ஆகவே போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது.

மருத்துவமனை நாள்

மும்பையில் கேஈஎம், சயான், நாயர், ஜேஜே, கூப்பர் போன்ற பெரிய மருத்துவமனைகளை நம் ஆட்களுக்குத் தெரியும். கை கால் விஷயத்துக்கு ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய மறுவாழ்வு மருத்துவ நிறுவனமும், காதுக்கு பாந்த்ராவில் உள்ள அலி யாவர் ஜங் நிறுவனமும் பேர் போனவை. ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஒவ்வொரு கிழமை என்று வைத்திருப்பார்கள். போவதற்கு முந்தின நாள் யாரையாவது அனுப்பியோ போன் செய்தோ கிழமையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே நடந்துகொள்ளும் விதத்தில் நம் ஆட்கள் செய்கிற தவறு, கூடுதலாக நடிப்பது இல்லை. நேர் எதிர். டாக்டர் "நடக்க முடியுமா" என்று கேட்டால், "முடியும் சார், சமாளிச்சுக்குவேன்" என்று மானத்தோடு சொல்கிறோம். வாழ்நாளெல்லாம் சமாளித்துச் சமாளித்து அது பழக்கமாகிவிட்டது. நானும் என் முதல் பரிசோதனையில் அப்படித்தான் சொன்னேன். பெயர் வேண்டாம், ஒரு அரசு மருத்துவமனை. காலிப்பரை (காலைத் தாங்கும் கம்பிச் சட்டத்தை) கழற்றாமலே என்னை ஒரு பக்கமிருந்து மறு பக்கம் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். சந்தோஷமாக 35 எழுதிவிட்டார்கள். ஐந்து சதவீதத்தில் எல்லாம் போயிற்று. மேல்முறையீட்டில் வேறு டாக்டர் காலிப்பரைக் கழற்றி, காலின் நீளத்தை டேப்பால் அளந்து, தசையின் பலத்தைச் சோதித்து 55 எழுதினார். முதல் முறையே அளந்திருந்தால் எனக்கு ஏழு மாதம் மிச்சம்.

ஆகவே: காலிப்பர், காது மெஷின், ஊன்றுகோல் எதைப் பயன்படுத்துகிறீர்களோ அதை எடுத்துப் போங்கள், அது இல்லாமல் எப்படி இருக்கிறீர்கள் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். "முடியும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், பிறகு என்ன ஆகிறது என்று சொல்லுங்கள். "பத்து நிமிஷம் நிற்க முடியும், பிறகு இடுப்பு பிடித்துக்கொள்ளும்" என்றால் அதுதான் உண்மை, அதுதான் மதிப்பீட்டுக்கும் உதவும். கூட்டிச் சொல்லவும் வேண்டாம். இவர்கள் தினமும் இதையே பார்க்கிறவர்கள், ஒரு பொய் தெரிந்தால் மற்ற உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

காது விஷயம் தனி. ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதில் கேட்டும் கேட்காத மாதிரி உட்கார்ந்துவிடலாம். போலிகள் நுழைகிற வழிகளில் இதுவும் ஒன்று. இடமாற்றத்துக்குப் பயந்து காது கேளாத சான்றிதழ் வாங்கியவர்கள் பற்றிப் பத்திரிகைகளில் பல முறை வந்திருக்கிறது. அதனால் இப்போது பெரா என்ற பரிசோதனையைக் கேட்கிறார்கள். தலையில் மின்முனைகளை ஒட்டி, காதுக்குள் சத்தம் போனதும் மூளை நரம்பு என்ன பதில் தருகிறது என்று கருவியே பதிவு செய்யும். இங்கே நடிக்க இடமில்லை. அசல் ஆளுக்கு இது நல்லதுதான், ஆனால் அதற்கான தேதி கிடைப்பதுதான் கஷ்டம். தேதி கொடுத்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை எடுப்பதென்றால் ஒன்றை மறக்காதீர்கள். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளையை இந்தியில் கேள்வி கேட்டால் வரும் எண் குழந்தையுடையது அல்ல, மொழியுடையது. சோதிப்பவரிடம் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், வீட்டு மொழி தமிழ் என்று கேஸ் பேப்பரில் எழுதச் சொல்லுங்கள். பிற்பாடு எண் மாறினால் "முன்பு பொய் சொன்னீர்களா" என்ற கேள்வி வராமல் அந்த ஒரு வரி காப்பாற்றும்.

சான்றிதழைப் படியுங்கள்

வந்ததும் லேமினேஷன் கடைக்கு ஓடாதீர்கள், முதலில் படியுங்கள். பெயர், பிறந்த தேதி, எந்தக் குறைபாடு, எந்தப் பக்கம். ஆமாம், இடது வலது மாறிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் மறுசோதனைக்குப் போனால் கதை என்ன ஆகும் என்று யோசியுங்கள். நிரந்தரமா, தற்காலிகமா என்று பாருங்கள். தற்காலிகம் என்றால் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கக் கிளம்புங்கள்.

கார்டில் நிறம் உண்டு. 40-க்குக் கீழே வெள்ளை, 40-லிருந்து 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.

சதவீதம் குறைவு என்று தோன்றினால், அல்லது மறுத்துவிட்டால், சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. முடிவு வந்த நாளிலிருந்து 90 நாள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், கவுன்டரில் வாயால் சொல்லி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வக்கீல் தேவைப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். 1987-ஆம் வருட சட்ட சேவைகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது.

தலாலும் (தரகனும்) இட்லி அக்காவும்

தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் காலையில் இட்லி விற்கும் அக்கா ஒருவர். முன்பு 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் அரைக்கும் மெஷினில் வேலை பார்த்தார். மெஷின் வலது கையை இழுத்துக்கொண்டது. விரல்கள் போயின, மணிக்கட்டு மடங்காது. இடது கையால்தான் மாவு ஊற்றுகிறார். அசல் மாற்றுத்திறனாளி, சந்தேகத்துக்கே இடமில்லை.

இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய், கிழமை தப்பித் திரும்பி வந்தார். இரண்டு நாள் வியாபாரம் போயிற்று. மூன்றாவது முறை கேட் பக்கத்திலேயே ஒரு ஆள் "அக்கா, வரிசையெல்லாம் வேண்டாம், ஒன்பதாயிரம் கொடுங்க, வீட்டுக்கே வந்துடும்" என்றான். நல்ல தமிழ் பேசினான், அதுதான் விஷயம். பத்து நாளில் சான்றிதழும் வந்தது. 80 சதவீதம் என்று போட்டிருந்தது. அக்கா பாவம், "பெரிய மனசு பண்ணிக் கூட்டிப் போட்டிருக்கான்" என்று நினைத்தார்.

பென்ஷனுக்குக் கொண்டுபோனபோது மேசையில் இருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்தார். எதுவுமே வரவில்லை. "போகஸ்" என்றார், நாலு பேர் முன்னால். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கையே இல்லாத ஒருத்தி, ஊனமுற்றவள் போல ஏமாற்றினாள் என்று பேர் வாங்கிக்கொண்டு வந்தாள்.

சட்டமும் அவர் பக்கம் இல்லை. 2016 சட்டத்தின் 91-ஆம் பிரிவின்படி, இந்தச் சலுகைகளை மோசடியாகப் பெற்றாலோ பெற முயன்றாலோ இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலி ஆவணத்தைப் பயன்படுத்திய குற்றம் தனி. உங்கள் கை உண்மையாகவே போனது என்பது அந்தக் காகிதத்தை உண்மையாக்காது. அதனால்தான் தலாலைப் பார்த்தால் எனக்கு லஞ்சம் என்ற கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். போலி ஆளைக்கூட விடுங்கள், அசல் ஆளையே போலியாக்கிவிடுகிறான்.

ஏற்கெனவே யாரிடமாவது காசு கொடுத்து வாங்கியிருந்தால் இன்றைக்கே தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் அந்தக் காகிதத்தை எங்கேயும் காட்டாதீர்கள், கிழிக்கவும் செய்யாதீர்கள். முதலில் சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அவன் மீது புகார் கொடுக்க அதுவும், காசு அனுப்பிய மொபைல் ரசீதும்தான் சாட்சி. பிறகு முறைப்படி விண்ணப்பியுங்கள்.

வாங்கியாயிற்று, எங்கே பயன்படும்?

எல்லாவற்றையும் சொல்ல மாட்டேன். மும்பையில் நம் ஆட்களுக்கு உடனே உதவுவதை மட்டும்.

லோக்கல் டப்பா. இந்த டப்பாவில் மாற்றுத்திறனாளிகளோடு புற்றுநோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏறலாம். அதனால் வயிறு தெரியாத பெண்ணைப் பார்த்துக் கத்தாதீர்கள். உரிமை இல்லாமல் ஏறுகிறவருக்கு ரயில்வே சட்டம் 155-ஆம் பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம். தொல்லை அதிகமானால் 139-க்குச் சொல்லலாம். தகுதியுள்ளவர்களுக்கு சீசன் டிக்கெட் பாதி விலை. ஊருக்குப் போகும் நெடுந்தூர ரயிலில், துணை இல்லாமல் போக முடியாத கை கால் குறைபாடு உள்ளவர், முழுதாகப் பார்வை இல்லாதவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர் ஆகியோருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதம் குறையும், உடன் போகிறவருக்கும் அதே குறைவு. இதற்கு யுடிஐடி மட்டும் போதாது. ரயில்வே படிவத்தில் அரசு டாக்டரிடம் தனிச் சான்று வாங்கி, ரயில்வேயின் திவ்யாங்க் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாற்பது வந்துவிட்டது என்று சலுகை டிக்கெட் எடுத்து ரயிலில் அபராதம் கட்டியவர்கள் உண்டு. அவர்கள் யாரும் மோசடிக்காரர்கள் அல்ல, படிவம் தெரியாதவர்கள்.

பென்ஷன். சஞ்சய் காந்தி நிராதார் திட்டம். 2023-ல் மாதம் 1,500 ஆனது. 2025-ல் மாற்றுத்திறனாளிகளுக்கு 2,500 ஆக உயர்த்த மாநில அரசு முடிவெடுத்தது. இரண்டு நிபந்தனைகள் நம்மை வாட்டும். ஒன்று, மகாராஷ்டிராவில் 15 வருடம் வசித்ததற்கு ஆதாரம். மூன்று தலைமுறையாக தாராவியில் இருக்கும் குடும்பத்திடமும் கேட்டால் ஒரு காகிதம் இருக்காது. குடிசை எரிந்தபோது போயிருக்கும், அல்லது மழையில் ஊறியிருக்கும். பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று தேடுங்கள். இரண்டாவது, குடும்ப வருட வருமானம் 50,000-க்குள் இருக்க வேண்டும். கணக்குப் போடுங்கள், மாதம் நாலாயிரத்துச் சொச்சம். மும்பையில் ஒரு கோலிக்கு (ஒற்றை அறைக்கு) வாடகைகூடக் கட்ட முடியாது. இப்படி ஒரு எல்லையைப் போட்டுவிட்டு, அப்புறம் எல்லாரும் வருமானத்தைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்று புலம்பினால் எப்படி? அதற்காக நீங்கள் குறைத்து எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. தஹசில்தார் தரும் வருமானச் சான்றில் உள்ளதே இருக்கட்டும். எல்லையைத் தாண்டினால் இந்தத் திட்டம் இல்லை, அவ்வளவுதான். கிடைத்தவர்கள் வருடா வருடம் உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும், மறந்தால் பணம் நின்றுவிடும்.

மாநகராட்சி. மும்பை மாநகராட்சி 2024-ல் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு நிதியுதவித் திட்டம் தொடங்கியது. மஞ்சள் கார்டுக்கு ஆறு மாதத்துக்கு 6,000, நீலத்துக்கு 18,000. வார்டு ஆபீஸில் விசாரியுங்கள். இட்லி அக்காவின் தலால் ஏன் 80 போட்டான் என்று இப்போது புரிகிறதா?

சம்பளக்காரர்களுக்கு வருமான வரி: பழைய வரி முறையில் வரி கட்டினால் 75,000 கழிவு, 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000.

மறுபரிசோதனைக் கடிதம் வந்தால்

2025-ல் ஜில்லா பரிஷத் (மாவட்ட ஊராட்சி) ஊழியர்களின் சான்றிதழ்களை மறுபடி சரிபார்க்க மகாராஷ்டிரா அரசு உத்தரவிட்டது. அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இது மாதிரி இன்னும் வரும். பயப்பட வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்த மேசையில் அதற்குப் பயனில்லை.

கடிதத்தில் உள்ள தேதியில் போங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே எழுத்தில் வேறு தேதி கேட்டு, முத்திரை போட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். போகாமல் விட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பழைய எக்ஸ்ரே, ஆபரேஷன் காகிதம், சிறு வயது போட்டோ இருந்தால்கூட எடுத்துப் போங்கள். காலிப்பரோடு நிற்கும் என் ஆறாம் வகுப்பு குரூப் போட்டோவை ஒரு அலுவலர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. சதவீதம் குறைத்து எழுதினால் மேலே சொன்ன 90 நாள் இங்கேயும் பொருந்தும். சிகிச்சையால் உண்மையிலேயே தேறியிருந்தால் குறையத்தான் செய்யும். அதனால் முன்பு வாங்கியது மோசடி ஆகிவிடாது.

போலி ஒருவரைத் தெரியும், என்ன செய்வது?

முதலில் உங்களையே கேளுங்கள்: எப்படித் தெரியும்? "நல்லாத்தான் நடக்கிறான்" என்பது ஆதாரம் அல்ல. தலசீமியா பிள்ளை ஓடி விளையாடும். காது கேளாதவர் கம்பீரமாக நடப்பார். பேருந்தில் வாலிபன் ஒருவனை சீட்டிலிருந்து எழுப்பிவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். எழுந்து நின்றவன் பேன்ட்டுக்குள் இருந்தது செயற்கைக் கால்.

உண்மையான ஆதாரம் இருந்தால், அதாவது விலைக்கு வாங்கினேன் என்று அவரே சொன்ன செய்தியோ, தளத்தில் வராத எண்ணோ இருந்தால், புனேயில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் சான்றிதழ் தந்ததாகச் சொல்லும் மருத்துவமனைத் தலைவருக்கும் எழுதுங்கள். புகார் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லையா? பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வாட்ஸாப் குரூப்பில் பெயரும் போட்டோவும் போடும் வேலை மட்டும் வேண்டாம்.

இட்லி அக்காவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வக்கீலோடு போய்ப் புகார் கொடுத்தோம், அந்த ஆளின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. சரியான கிழமையில் நானும் கூடப் போனேன். மூன்று முறை போக வேண்டியிருந்தது. 52 வந்தது, மஞ்சள் கார்டு. "எண்பதுன்னு எழுதினவன் காசு வாங்கினான், அம்பத்திரண்டுன்னு எழுதினவர் டீகூடக் குடிக்கல" என்று சிரித்தார். இப்போது பென்ஷனுக்கு 15 வருட ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் ட்ரங்குப் பெட்டியின் அடியில், கொசுவலைக்குக் கீழே, மகனின் ஒன்றாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டு கிடைத்தது. பள்ளி முத்திரை மங்கலாக இருக்கிறது, வருடம் மட்டும் படிக்க முடிகிறது: 2007. அந்தப் பள்ளி ரெஜிஸ்டரில் இன்னும் பெயர் இருக்கிறதா என்று திங்கட்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.